டவர் அணையும் முன்பே: புயல், வெள்ளம் – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். 'எந்த போன் வாங்கலாம்' என்று கேட்டவர்கள் 'ஏரி திறந்தால் எங்கள் தெருவுக்கு வருமா' என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்த வகைக் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மழை எச்சரிக்கை என்று நள்ளிரவில் அம்மாவின் கைபேசி சைரன் போல அலறியது. அதே அறையில் இருந்த என் போனில் சத்தமே இல்லை. ஏன்? – தாம்பரம் வாசகி

பதில்: அம்மாவுக்கு வந்தது எஸ்எம்எஸ் அல்ல, செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் தபால்காரர் மாதிரி, ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். லட்சக்கணக்கான பேருக்கு அனுப்பினால் வரிசையில் நிற்கும், மழை ஓய்ந்த பிறகும் வந்து சேரும். செல் பிராட்காஸ்ட் தண்டோரா மாதிரி. டவர் ஒருமுறை அறிவிக்கும். அந்த டவரின் எல்லைக்குள் விழித்திருக்கும் எல்லா போனும் கேட்கும். யாருடைய எண்ணும் தேவையில்லை, ரீசார்ஜும் டேட்டாவும் தேவையில்லை. டவரில் நெரிசல் இருந்தாலும் வரும். நம் நாட்டில் 2023-இல் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள்.

உங்கள் போனுக்கு வராததற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஏரோபிளேன் மோடில் இருந்திருக்கும். வேறு நிறுவன சிம் என்றால், அது பிடித்திருந்த டவர் எச்சரிக்கை எல்லைக்கு வெளியே இருந்திருக்கும். பழைய மாடலாக இருக்கலாம். இல்லையென்றால், அதிகம் நடப்பது இதுதான்: முன்பு ஒருநாள் சோதனைச் சத்தம் கேட்டு எரிச்சலில் நீங்களே அணைத்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'பாதுகாப்பு, அவசரநிலை' பகுதியில் 'வயர்லெஸ் அவசர எச்சரிக்கைகள்' என்பதைப் பாருங்கள். சில போன்களில் இது நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் அடிமட்டத்தில் இருக்கும். அங்கே எச்சரிக்கைகளை இயக்கி வையுங்கள். வந்த செய்தியை அவசரத்தில் தள்ளிவிட்டாலும் கவலையில்லை, ஆண்ட்ராய்டில் பழைய எச்சரிக்கைகளின் பட்டியலும் அதே பக்கத்தில்தான்.

இதோடு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' (Sachet), தமிழக அரசின் 'டிஎன்-அலர்ட்' இரண்டு செயலிகளையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் செயலிக்கு டேட்டா வேண்டும். தண்டோராவுக்கு வேண்டாம்.

கேள்வி: ரெட் அலர்ட் என்றார்கள், பள்ளிக்கு விடுமுறையும் விட்டார்கள், வெயில் அடித்தது. வானிலை அறிக்கையை எப்படித்தான் படிப்பது? – சிதம்பரம் வாசகர்

பதில்: அறிக்கையில் நிறத்தைப் பார்க்கிறோம், அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லைத் தாண்டிவிடுகிறோம். வானிலை மொழியில் அது அலங்காரச் சொல் இல்லை, அளவு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பரப்பில் உள்ள மழைமானிகளில் கால்பங்கு வரை. 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' முக்கால் பங்கு வரை. அதற்கு மேலே 'பெரும்பாலான இடங்களில்'. ஆகவே 'கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்பதற்கு, மாவட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டக்கூடும் என்று பொருள். அந்த மூலை எது என்று முந்தைய நாளே சொல்ல இன்றைய கணினி மாதிரிகளால் முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. அதே நேரம் சென்னையில் அதில் சிறு பங்குதான்.

நாள் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 'இன்றைய மழை' என்பது நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. இன்று பகலில் பெய்வது நாளைய கணக்கில்தான் சேரும்.

அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அறிக்கையைவிட, மழை மேகங்களைக் காட்டும் டாப்ளர் ரேடார் படம் உதவும். சென்னை, காரைக்கால் ரேடார்களின் படங்களை வானிலைத் துறை தளத்தில் யாரும் பார்க்கலாம். முதலில் படத்தின் நேரத்தைப் பாருங்கள். கடைசியில் 'இசட்' என்றோ 'யூடிசி' என்றோ இருந்தால் அது உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டுங்கள். காலை 4.30 என்று போட்டிருப்பது நம்முடைய 10 மணி. இதைக் கவனிக்காமல் 'பழைய படம்' என்று தள்ளியவர்களும் உண்டு, நிஜமாகவே பழைய படத்தைப் புதிது என்று பரப்பியவர்களும் உண்டு. ஒரே படத்தைப் பார்த்துப் பயனில்லை; அரை மணி இடைவெளியில் மூன்று படம் பார்த்தால் சிவப்புத் திட்டு எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரியும். ரேடாரிலிருந்து தள்ளிப் போகப் போக அதன் கற்றை உயரே போய்விடும். 200 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. மேலேதான் பார்க்கிறது. அதனால் தூரத்தில் தெரிவது தரையை எட்டாத மழையாக இருக்கலாம், தாழ்வான மேகத்து மழை படத்தில் விழாமலும் போகலாம்.

கேள்வி: 'செம்பரம்பாக்கத்தில் 1,000 கனஅடி திறப்பு' என்று செய்தி வந்ததும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பதற்றம். எவ்வளவு திறந்தால் பயப்பட வேண்டும்? – முடிச்சூர் வாசகர்

பதில்: உங்களுக்குச் செம்பரம்பாக்கத் தண்ணீர் வராது. அதன் உபரிநீர்க் கால்வாய் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் பக்கம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர். அவற்றில் பெரும்பாலானவற்றில் மதகைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்த வழியில்லை. நிரம்பினால் கலங்கல் வழியே தானாக வழியும். அதற்கு யாரும் அறிவிப்பு வெளியிட மாட்டார்கள். உங்கள் குழு பார்க்க வேண்டியது அந்த ஏரிகளின் கலங்கலையும் உங்கள் பகுதியின் மழையளவையும். செம்பரம்பாக்கம் அறிவிப்பு அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு.

அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கனஅடி என்பது வினாடிக்கு 28.3 லிட்டர். ஆயிரம் கனஅடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் வினாடிக்கு இரண்டுக்கு மேல் கொட்டுவது. ஒரு நாள் முழுக்க ஆயிரம் கனஅடி ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி. இந்த 86-ஐ மனத்தில் வைத்துக்கொண்டால் ஏரி எப்போது நிரம்பும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இன்று இருப்பு 3,200, நீர்வரத்து 5,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம். மிச்ச இடம் 445. வரத்தோ நாளுக்கு 5 × 86.4 = 432. அதாவது மழை இப்படியே பெய்தால் நாளை இதே நேரம் ஏரி தளும்பும். அதற்கு முன்பே ஷட்டரைத் தூக்குவார்கள். இருப்பு, வரத்து, வெளியேற்றம் மூன்றையும் சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் தளத்தில் போடுகிறது.

1,000 கனஅடி அடையாற்றுக்குப் பெரிதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி திறந்தது 29,000 கனஅடி. அதோடு ஏரிக்குக் கீழே ஆற்றுப்படுகை நெடுகப் பெய்த மழையும் சேர்ந்தது. எனவே வெளியேற்றத்தை மட்டும் பார்க்காமல் ஏறுமுகத்தைப் பாருங்கள். 1,000 மூன்று மணி நேரத்தில் 6,000 ஆனால், தரைத்தளத்தில் இருப்பவர்கள் வண்டியையும் பத்திரங்களையும் மேலே ஏற்ற அதுவே நேரம்.

கேள்வி: புயல் அடித்த முதல் நாள் சிக்னல் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள்தான் செத்தது. மழை விட்ட பிறகு டவர் ஏன் போகிறது? – கடலூர் வாசகர்

பதில்: காற்று சாய்ப்பதைவிட மின்சாரம் இல்லாமல் அணையும் டவர்தான் அதிகம். கரண்ட் போனதும் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்வதற்குள் அடுத்த பேரல் வர வேண்டும். சாலையில் மரமும் தண்ணீரும் கிடந்தால் வராது. மரம் விழுந்தோ பாலம் அடித்துக்கொண்டு போயோ டவரை இணைக்கும் ஃபைபர் கேபிள் அறுந்தால், போனில் நான்கு கோடு சிக்னல் காட்டும், ஒரு அழைப்பும் போகாது. ஆகவே உறவினருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் ஆறு மணி நேரத்தில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிறுவன டவர் போய், பக்கத்தில் வேறு நிறுவன டவர் உயிரோடு இருந்தால் இரண்டு வழி. 112 அழைப்பை எந்த நிறுவன டவரும் ஏற்கும். மற்ற அழைப்புகளுக்கு, பேரிடரின்போது தொலைத்தொடர்புத் துறை வட்டத்துக்குள் ரோமிங்கை, அதாவது சொந்த ஊரிலேயே வேறு நிறுவன டவரைப் பயன்படுத்தும் வசதியை, திறந்துவிடுவதுண்டு. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தில் அப்படிச் செய்தார்கள். அறிவிப்பு வந்தால் டேட்டா ரோமிங்கை இயக்கி, நெட்வொர்க் தேர்வை 'தானியங்கி'யிலிருந்து எடுத்து, பட்டியலில் வேறு நிறுவனத்தைத் தொடுங்கள். இயல்பு திரும்பியதும் பழையபடி மாற்ற மறக்க வேண்டாம். ஒரு வீட்டில் மூன்று சிம் இருந்தால் மூன்றும் ஒரே நிறுவனமாக இருப்பது இந்த விஷயத்தில் முட்டாள்தனம்.

பேட்டரிக் கணக்கு: 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது. அட்டையில் போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போதும் போனுக்குள் ஏறும்போதும் வீணாவது போக ஏறத்தாழ ஒன்றரை முறைதான். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். பழைய மின்விசிறி ஒரு மணி நேரத்தில் தின்னும் மின்சாரத்தில் மூன்று போன்களை முழுதாக நிரப்பலாம். சிக்னல் மங்கலாக இருந்தால் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். அதனால் ஏரோபிளேன் மோடில் வைத்து மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் திறக்கலாம். ஆனால் அந்த மோடில் தண்டோராவும் கேட்காது. வீட்டில் ஒரு போனாவது விழித்திருக்கட்டும், மற்றவை உறங்கட்டும்.

கேள்வி: நெட் இல்லாதபோது நான் இருக்கும் இடத்தை எப்படி அனுப்புவது? – வேளச்சேரி வாசகி

பதில்: ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். நெட் இருக்கும்போது போன் செயற்கைக்கோள் விவரங்களைக் குறுக்கு வழியில் வாங்கிக்கொள்கிறது. இல்லாதபோது நேராகச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்கும், அதனால் ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். அறைக்குள் நின்று 'கிடைக்கவில்லை' என்று விட்டுவிடாமல் மொட்டை மாடியிலோ பால்கனி ஓரத்திலோ பொறுத்திருங்கள். மேப்ஸில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் 12.9791, 80.2212 போல இரண்டு எண்கள் வரும். அதை வாட்ஸ்அப்பில் அல்ல, எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். பேச்சு அழைப்பு கிடைக்காத மங்கல் சிக்னலிலும் எஸ்எம்எஸ் நழுவிப் போய்விடும்.

புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் பிழை 11 மீட்டருக்குள். மூன்று என்றால் 110 மீட்டர், அது அடுத்த தெருவாக இருக்கலாம். இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர், படகுக்குப் பயன் இல்லை. எண்களோடு ஒரு வரி: 'பச்சை கேட், இரண்டாம் மாடி, 4 பேர், ஒருவர் படுத்த படுக்கை, தெருவில் மார்பளவு தண்ணீர்.' அடி, மீட்டர் என்று ஊகிக்க வேண்டாம். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று சொன்னால் எந்தப் படகு அனுப்புவது என்று மீட்புக்காரர் உடனே முடிவெடுப்பார்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வெளியூரிலிருந்து உதவக் கூகுள் ஷீட் ஒன்று தொடங்கினோம். இரண்டாம் நாளே குப்பையாகிவிட்டது. எங்கே தவறினோம்? – தூத்துக்குடி மாவட்டத்து இளைஞர் குழு

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த நேரம் அது. உங்களுடையது மட்டுமல்ல, பல ஷீட்டுகள் அப்படித்தான் ஆகும். காரணங்கள் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலாவது இரட்டிப்பு. ஏரலில் மாடியில் நிற்கும் ஒரு குடும்பத்துக்காகச் சென்னை அண்ணன், துபாய் மாமா, பெங்களூர் அக்கா மூவரும் பதிவார்கள். மூன்று வரிசை, மூன்று படகு. பதிபவரின் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிக்கியிருப்பவரின் எண்ணைத் தனிப் பத்தியாக்கி, அதை வைத்துத் தேடுங்கள். இரண்டாவது, நேரம் இல்லாமை. 'அவசரம்' என்ற சொல்லுக்கு வயது தெரியாது; காலை எட்டு மணி அவசரம் இரவு எட்டுக்கும் அவசரமாகவே சுற்றும். பதிந்த நேரம், கடைசியாகப் பேசி உறுதிசெய்த நேரம் என்று இரண்டு பத்தி வேண்டும், 24 மணிக் கணக்கில். மூன்றாவது, முடித்து வைக்க ஆளில்லாமை. 2018 கேரள வெள்ளத்தில் தன்னார்வலர்களும் மாநில ஐடி மிஷனும் சேர்ந்து நடத்திய 'கேரளரெஸ்க்யூ' தளத்திலும், மீட்கப்பட்டவர்களின் கோரிக்கை திறந்தே கிடந்தது பெரிய தலைவலி. படகு போனதும் 'முடிந்தது' போடக் கூடாது. அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு 'முகாமுக்கு வந்துவிட்டோம்' என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகே போட வேண்டும்.

நான்காவது காரணத்தைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை: யாரோ ஒருவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தியிருப்பார். பெயர்கள் நகரும், தொலைபேசி எண்கள் அங்கேயே நிற்கும். அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு வரிசையும் பொய். அதனால் பொதுமக்கள் ஷீட்டைத் தொடவே கூடாது. அவர்களுக்குக் கூகுள் ஃபார்ம் கொடுங்கள். ஷீட்டில் எழுதும் உரிமை நான்கு பேருக்குப் போதும். மற்றவர்கள் பார்க்க மட்டும்; வடிகட்டிப் பார்க்க ஃபில்டர் வியூ. கெட்டுப்போனது தெரிந்தால் பதறி ஒட்டுப்போட வேண்டாம். வெர்ஷன் ஹிஸ்டரியில் கெடுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

பத்திகள் இவ்வளவு போதும்: வரிசை எண், பதிந்த நேரம், சிக்கியவர் எண், ஆயத்தொலைவு (மேப்ஸ் தரும் அந்த இரண்டு எண்கள்), அடையாளம், எத்தனை பேர், அவர்களில் குழந்தை – கர்ப்பிணி – டயாலிசிஸ் – நடக்க முடியாதவர், நீரளவு, தேவை, யாரிடம் ஒப்படைத்தோம், நிலை, கடைசி உறுதி. 'தேவை'யில் மீட்பு, மருந்து, உணவு என்று மூன்றே விருப்பம் வையுங்கள். எழுதவிட்டால் கதை எழுதுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிண்ட் எடுத்து, களத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். அவரிடம் நெட் இருக்காது. தனியாக இருக்கும் பெண்களின் எண் பொதுப் பட்டியலில் போகக் கூடாது.

உங்கள் பட்டியல் அரசுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன். மாநில அறை 1070, மாவட்ட அறை 1077. சென்னையில் உட்கார்ந்து 1077 அழுத்தினால் சென்னை மாவட்டம்தான் எடுக்கும். தூத்துக்குடிக்கு எஸ்டிடி குறியீட்டை முன்னால் சேர்க்க வேண்டும்.

மென்பொருளே எழுதும் எண்ணம் இருந்தால் ஒரு சொல்: 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கணினித் தன்னார்வலர்கள் 'சகானா' என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர், முகாம், தேவை, உதவும் அமைப்பு என்று தனித்தனிப் பகுதியாகப் பிரித்த அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வெள்ளத்தின் நடுவே புதுச் செயலி எழுதுவதைவிட, வெயில் காலத்தில் எழுதி ஒத்திகை பார்ப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஊர் ஓடைப் பாலத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவி பொருத்தி, உயர்ந்தால் எஸ்எம்எஸ் வரும்படி செய்ய நினைக்கிறோம். – பொறியியல் மாணவர்கள், அரியலூர் மாவட்டம்

பதில்: நல்ல வேலை. முதலில் பாலம் யாருடையதோ, நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பாலத்தின் அடியிலிருந்து தண்ணீரை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பும் நேரத்தை அளப்பது மலிவான வழி. நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி உணரியும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையும் போதும். உணரியிலிருந்து 25 செ.மீ.க்குள் தண்ணீர் வந்துவிட்டால் அது குருடு. பெட்டியில் 4.5 மீட்டர் வரை என்று போட்டிருந்தாலும், அலையடிக்கும் நீரில் 3 மீட்டர் வரை நம்பலாம். பாலம் அதைவிட உயரம் என்றால் ரேடார் உணரிதான், விலை பல மடங்கு.

எங்கே தவறும் என்றால்: ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 25 டிகிரியில் வினாடிக்கு 346 மீட்டர், 35 டிகிரியில் 352. திருத்தம் செய்யாவிட்டால் 4 மீட்டர் தூரத்தில் 7 செ.மீ. பொய் சொல்லும். வெயில் ஏறும்போது தண்ணீரும் 'ஏறும்'. ஒரு வெப்ப உணரியையும் சேர்த்து, அந்த வெப்பத்துக்குரிய ஒலி வேகத்தால் பெருக்குங்கள். நுரை, மிதக்கும் கிளை, பாலத்துத் தூண் ஆகியவை தவறான எதிரொலி தரும். ஒரே அளவை நம்பாமல் பதினைந்து அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு கிளை மொத்தத்தையும் கெடுக்கும். உணரி முகத்தில் சிலந்தி வலை கட்டும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டும்.

மின்சாரம் அடுத்த பொறி. பலகையும் மோடமும் ஓயாமல் விழித்திருந்து சராசரி 1 வாட் எடுத்தால் நாளுக்கு 24 வாட்-மணி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 இருக்கிறது, பாதி வரை எடுக்கலாம். வெயில் இல்லாத புயல் நாளில் இரண்டு நாள்கூடத் தாங்காது. கால்மணிக்கு ஒருமுறை 40 வினாடி மட்டும் விழித்து உறங்கும்படி எழுதினால் நாளுக்கு 1 வாட்-மணி சொச்சம், வாரக்கணக்கில் ஓடும். நீர் ஏறத் தொடங்கினால் இடைவெளியை ஐந்து நிமிடமாகக் குறைக்கட்டும்.

மோடம் டவரைத் தேடும்போது ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கம்பி மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். மேசையில் ஓடியது பாலத்தில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மோடத்தின் காலடியிலேயே 2,200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். மலிவு என்று 2ஜி மோடம் வாங்கிவிட்டு ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி இல்லை. வெள்ளத்தில் டவரே போகலாம். அதற்கு லோரா என்ற நெடுந்தூர வானொலி இணைப்பு: 865–867 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல், பார்வை மறையாத ஊர்ப்புறத்தில் சில கிலோமீட்டர் எட்டும். ஊர்த் தலைவர் வீட்டு மாடியில் ஒரு ரிசீவரும் ஒரு சைரனும் வைத்தால் டவரை நம்ப வேண்டியதில்லை.

எச்சரிக்கையை நீர்மட்டத்தை மட்டும் வைத்து அமைக்காதீர்கள். 15 நிமிடத்தில் 20 செ.மீ. ஏறினால் மட்டம் தாழ்வாக இருந்தாலும் கூவட்டும். வேகம்தான் முன்கூட்டிச் சொல்லும். பாலத்துத் தூணில் பெயின்டால் அடி அளவுக் கோடுகளும் போட்டுவிடுங்கள். கருவி சொல்வது சரியா என்று பார்க்க அதுதான் நீதிபதி.

கேள்வி: செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் என்கிறார்கள். பிறகு ஏன் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது அதில் தெரியவில்லை? – சென்னை வாசகர்

பதில்: மேகத்தை ஊடுருவுவது ரேடார் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-1, இஸ்ரோ 2022-இல் ஏவிய ஈஓஎஸ்-04 இரண்டும் அந்த வகை. அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். வயலுக்கு இது அருமையாக வேலை செய்யும். தெருவிலோ அலை நீரில் பட்டு, சுவரில் மோதி, செயற்கைக்கோளுக்கே திரும்புகிறது. கருப்பாக வேண்டிய இடம் பளிச்சென்று வெளுக்கிறது. அதோடு சென்டினல் படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர், உங்கள் தெருவின் அகலமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரே இடத்துக்கு அது திரும்பி வர நாட்களும் ஆகும். தெருவுக்கு மனிதக் கண்தான். 2015-இல் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் நீர் தேங்கிய தெருக்களை மக்களையே குறிக்கச் செய்தது அதனால்தான்.

கேள்வி: மலைச்சரிவில் லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். எச்சரிக்கை வருவதற்குள் மழை முந்திவிடுகிறது. நாங்களே அளக்க வழி உண்டா? – பதுளை வாசகர், இலங்கை

பதில்: உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்து மண்சரிவுகளைப் பார்த்த பிறகு இதை ஒவ்வொரு லயனிலும் செய்யலாம். பக்கம் நேராக இருக்கும் 2 லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதே போத்தலில் புனலாகச் செருகுங்கள். அடியில் வளைந்த பகுதி மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி அந்த மட்டத்தில் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். மேலே மில்லிமீட்டர் அளவுகோல் ஒட்டுங்கள். புனலும் போத்தலும் ஒரே அகலம் என்பதால் எந்தக் கணக்கும் வேண்டாம். ஏறிய உயரமே மழை. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில், தரைத் தெறிப்பு விழாத உயரத்தில் கட்டி வையுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றாலோ ஒரு மணி நேரத்தில் 75 என்றாலோ கிளம்பிவிட வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது ஆகியவற்றைக் கண்டால் அளவைப் பார்க்கவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. ஒரு லயனுக்கு ஒருவர் மணிக்கு ஒருமுறை அளவைப் படித்து நேரத்தோடு குழுவில் போட்டால், மேல் பிரிவில் பெய்வது கீழ்ப் பிரிவுக்கு முன்பே தெரியும்.

கேள்வி: ஆழ்கடலில் இருக்கும் என் மகனுக்குப் புயல் செய்தி எப்படிப் போகும்? – தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: கைபேசி சிக்னல் கரையோரம் சில கடல் மைல்களோடு முடிந்துவிடும். விஎச்எஃப் வயர்லெஸ் படகுக்குப் படகு பேச உதவும். ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் சேனல். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. அதன் பிறகு வந்தது ஜெமினி கருவி. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் போனில் காட்டும். ஆனால் கேட்க மட்டும்தான், பதில் சொல்ல முடியாது. 2024 முதல் மீன்பிடிப் படகுகளில் அரசு பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவியில் இருபக்கமும் குறுஞ்செய்தி போகும். கருவி எதுவானாலும் செயலியை இறக்கிப் போனோடு இணைப்பதைக் கரையிலேயே முடித்து, தமிழில் செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். நடுக்கடலில் செயலி இறங்காது. கரையிலிருந்து நீங்கள் கூப்பிட வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554.

கேள்வி: என் போனில் காற்றழுத்தம் காட்டுகிறது. அதை வைத்துப் புயலைக் கண்டுபிடிக்கலாமா? – நாகப்பட்டினம் மாணவர்

பதில்: கண்டுபிடிக்க முடியாது, கவனிக்கலாம். புயல் இல்லாத நாளிலும் காலை, இரவு பத்து மணி வாக்கில் அழுத்தம் ஏறி, நான்கு மணி வாக்கில் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும். இது தெரியாமல் மாலையில் 'அழுத்தம் குறைகிறது' என்று குழுவில் போட்டுவிடாதீர்கள். நேற்று இதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுங்கள், அதே மாடியில் நின்று. ஒரு மாடி ஏறினாலே 0.3 குறையும். வித்தியாசம் 3-க்கு மேல் போய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஜன்னலைச் சாத்தலாம். காற்று சட்டென நின்று அழுத்தம் அடிமட்டத்தில் கிடந்தால் அது புயலின் கண். 2016-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது அப்படி நின்ற காற்று, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. அந்த அமைதியில் வெளியே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: நனைந்த போனை அரிசிக்குள் போட்டால் சரியாகுமா? – புதுச்சேரி வாசகி

பதில்: அரிசித் தூசி சார்ஜிங் துளைக்குள் போவதுதான் மிச்சம். உடனே அணையுங்கள், சிம்மை எடுங்கள், துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து மெல்லத் தட்டுங்கள், மின்விசிறி முன்னால் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். வெள்ளத் தண்ணீர் சாக்கடை கலந்தது, உப்பும் சேறும் உள்ளே தங்கும்; தானாக உயிர்வந்தாலும் கடையில் திறந்து கழுவச் சொல்லுங்கள். காயும்வரை சார்ஜரைச் செருகக் கூடாது. சிம்மை மட்டும் துடைத்து வேறொரு பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.